பிக்கப்பின் முன் பிரேக் பேடை வீட்டிலேயே மாற்றலாமா? மலை இறங்கும் லோடு வண்டி

#1 கேரட்_லோடு (குன்னூர்)

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது பொலிரோ பிக்கப். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் இறக்குவதுதான் வண்டியின் வேலை. கொஞ்ச நாளாக இடது முன் சக்கரத்தில் மெல்லிய கீச் சத்தம் கேட்கிறது. பிரேக்கை மிதித்தால் நிற்கிறது, காலை எடுத்தால் மறுபடியும் வருகிறது. வீல் இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தேன். வெளிப் பேடில் பாதிக்கு மேல் சரக்கு இருக்கிறது.

பட்டறையில் கேட்டால் வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொல்கிறார்கள். சீசன் நேரத்தில் அது முடியாது. ஆயில், ஃபில்டர், டயர் எல்லாம் நானே மாற்றுகிறேன். ஜாக்கி, ஸ்பேனர் செட், சாக்கெட் செட் வீட்டில் இருக்கிறது. பேடையும் நானே மாற்றலாமா? மலையில் லோடோடு இறங்கும் வண்டி என்பதால் கேட்டுவிட்டுக் கை வைக்கலாம் என்று இருக்கிறேன்.

#2 பட்டறை_பெரியண்ணன் (ஈரோடு)

தாராளமாக மாற்றலாம் தம்பி. கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

முதலில் ஒரு விஷயம். வெளிப் பேடைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நீங்கள் சொல்லும் கீச் சத்தம், தேய்மானத்தைக் காட்டுவதற்காகப் பேடில் வைத்திருக்கும் சின்னத் தகடு டிஸ்க்கில் உரசும் சத்தம் போலத்தான் தெரிகிறது. பல வண்டிகளில் அந்தத் தகடு உள் பேடில்தான் இருக்கும். வெளியே பாதி மிச்சம், உள்ளே தகடு உரசுகிறது என்றால் பேட் மட்டும் மாற்றி உங்கள் பிரச்சினை தீராது. பேடை டிஸ்க்கில் அழுத்தும் கேலிப்பர் நகரவில்லை என்று அர்த்தம். புதுப் பேடும் அதே மாதிரிதான் தேயும்.

வேலைக்கு வருவோம். சமதளத்தில் நிறுத்துங்கள். குன்னூரில் சமதளம் கிடைப்பது கஷ்டம், ஆனாலும் தேடித்தான் ஆகவேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் வைத்து, பின் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். வண்டி தரையில் இருக்கும்போதே வீல் நட்டைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். ஜாக்கியில் தூக்கியதும் சேஸிஸுக்குக் கீழே ஸ்டாண்டு வைத்து, எடையை ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் கை விடாதீர்கள். ஹாலோ பிளாக் கல்லை ஸ்டாண்டாக வைக்கவே வைக்காதீர்கள். சொல்லாமல் நொறுங்கும்.

ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு அடுத்த பக்கம் போங்கள். கிளிப் எப்படி உட்கார்ந்தது, தகடு எந்தப் பக்கம் பார்த்தது என்று சந்தேகம் வந்தால் கழற்றாத பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக ஒடித்து வைத்தால் கேலிப்பருக்குப் பின்னால் கை நன்றாகப் போகும்.

கேலிப்பரைப் பிடித்திருக்கும் கைடு பின் போல்ட்டைக் கழற்றினால் கேலிப்பர் வந்துவிடும். பல வண்டிகளில் கீழ் போல்ட்டை மட்டும் எடுத்து மேலே தூக்கினாலே போதும். முழுதாகக் கழற்றினால் கம்பி போட்டு ஸ்பிரிங்கிலோ சேஸிஸிலோ கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் தொங்கக் கூடாது. ஹோஸ் உள்ளே கிழிந்தால் வெளியே தெரியாது.

பழைய பேடை வெளியே எடுத்ததும் தூக்கி எறியாதீர்கள். நான்கையும் எது எங்கே இருந்தது என்று எழுதி, வரிசையாகத் தரையில் வையுங்கள். உள் பேட் மட்டும் தேய்ந்திருந்தால் கைடு பின் இறுகியிருக்கும், இல்லையென்றால் கேலிப்பருக்குள்ளிருந்து பேடைத் தள்ளும் பிஸ்டன் திரும்ப உள்ளே போகவில்லை. ஒரே பேடின் ஒரு முனை தடித்தும் மறுமுனை மெலிந்தும் சாய்வாக இருந்தால் இரண்டு பின்னில் ஒன்று பிடித்திருக்கும், அல்லது பேடின் காது பிராக்கெட்டில் துருவோடு சிக்கியிருக்கும். இடது சக்கரத்தில் இரண்டு பேடும் தீர்ந்து வலது சக்கரத்தில் நிறைய மிச்சம் இருந்தால் அந்தப் பக்கத்துப் பிஸ்டன் அல்லது ஹோஸ். படம் எடுத்து இங்கே போடுங்கள், அப்புறம் மேலே பேசலாம்.

#3 கேரட்_லோடு

மிக்க நன்றி அண்ணா. இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை. பிஸ்டனை உள்ளே தள்ளுவது எப்படி என்று மட்டும் சொல்லிவிடுங்கள். அதுதான் பயமாக இருக்கிறது.

#4 பட்டறை_பெரியண்ணன்

பயப்பட ஒன்றுமில்லை. பழைய பேடைப் பிஸ்டன் மேல் வைத்து, அதன்மேல் சி கிளாம்ப் போட்டு மெதுவாக முறுக்குங்கள். பிஸ்டன் நேராக உள்ளே போகும். ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பினால் ரப்பர் பூட் கிழியும், கிழிந்த பூட் வழியாக மண்ணும் தண்ணீரும் போய்ப் பிஸ்டன் துருப்பிடிக்கும்.

தொடங்கும் முன் பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். பேட் தேயத் தேய ஆயில் மட்டம் தானாக இறங்கும். இடையில் யாராவது நிரப்பியிருந்தால், பிஸ்டனைத் தள்ளும்போது வழியும். பிரேக் ஆயில் பெயின்டைத் தின்றுவிடும். மட்டம் அதிகமாக இருந்தால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். வேலை நடக்கும்போது வீட்டில் யாரும் வண்டியில் ஏறிப் பெடலை மிதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேட் இல்லாத நேரத்தில் மிதித்தால் பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

#5 நைட்_டிரைவர் (ஓசூர்)

பெரியண்ணன் சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் பிஸ்டனை அப்படியே தள்ளக் கூடாது. கேலிப்பரில் கிடக்கும் பழைய அழுக்கு ஆயில் ஏபிஎஸ் யூனிட் வரை திரும்பப் போகும். கேலிப்பரில் ஆயிலை வெளியே விடுவதற்காக இருக்கும் பிளீடர் நிப்பிளில் டியூப் மாட்டி, நிப்பிளைத் திறந்து, ஆயிலை வெளியே விட்டபடியே தள்ளுவதுதான் முறை.

#6 பட்டறை_பெரியண்ணன்

முறைதான், மறுக்கவில்லை. ஆனால் முதன்முதலாகச் செய்கிற ஒருவர் நிப்பிளைத் திறந்தால் ஏர் உள்ளே போக வழி உண்டு. அப்புறம் ஏர் எடுக்க இரண்டு ஆள் வேண்டும். ரொம்ப நாள் திறக்காத நிப்பிள் முறிந்தும் போகும். ஆயில் சுத்தமாக இருந்தால் மெதுவாகத் தள்ளுவதில் ஒரு சேதமும் வராது என்பது என் அனுபவம். ஆயில் கறுப்பாக இருந்தால் அதை எப்படியும் மாற்றத்தான் வேண்டும், அப்போது நிப்பிளைத் திறந்தே தள்ளலாம்.

#7 நைட்_டிரைவர்

சரி, அது நியாயம். ஆயில் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யட்டும்.

#8 வன்னி_ஹைலக்ஸ் (கிளிநொச்சி)

வணக்கம். நான் ஹைலக்ஸ் டபிள் கப் வைத்திருக்கிறன். இஞ்ச பெரியண்ணர் சொல்லுற கைடு பின் கதை எங்கட வாகனத்துக்குப் பொருந்தாது, அதைச் சொல்லிவிடலாம் என்று வந்தனான். முன் கேலிப்பர் நகராத வகை. இரண்டு பக்கமும் இரண்டு இரண்டாக நாலு பிஸ்டன். கேலிப்பரைக் கழற்றத் தேவையில்லை. கிளிப்பை எடுத்து, குறுக்கே போற இரண்டு பின்னையும் தட்டி வெளியில எடுத்தால் பேட் அப்படியே இழுத்து வரும்.

ஒன்றில் மட்டும் கவனம். இரண்டு பேடையும் ஒரே நேரத்தில் எடுத்துவிட்டு ஒரு பிஸ்டனைத் தள்ளினால் மற்றது வெளியில வரும். ஒரு பேடை எடுத்து, அந்தப் பக்கத்து இரண்டு பிஸ்டனையும் சேர்த்துத் தள்ளி, புதுப் பேடை வைத்துவிட்டுத்தான் மற்றப் பக்கம் போகவேணும்.

#9 பட்டறை_பெரியண்ணன்

அருமை தம்பி. ஹைலக்ஸ் வைத்திருப்பவர்கள் #8-ஐப் பின்பற்றுங்கள். கழற்றும் முன் உங்கள் வண்டியில் எந்த வகை என்று பார்த்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது.

#10 கேரட்_லோடு

கழற்றிவிட்டேன் அண்ணா. நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. இடது சக்கரத்தின் உள் பேடில் சரக்கே இல்லை, தகடு டிஸ்க்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. வெளிப் பேட் பாதி. வலது சக்கரத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு. இடது கீழ் கைடு பின்னைக் கையால் இழுத்தால் வரவில்லை. சுழற்றிச் சுழற்றித்தான் எடுத்தேன். உள்ளே கிரீஸ் காய்ந்து கறுப்பாக ஒட்டியிருக்கிறது. பின்னில் துருப் புள்ளிகளும் இருக்கின்றன. சாதாரண வீல் பேரிங் கிரீஸ் போடலாமா?

#11 பட்டறை_பெரியண்ணன்

போடாதீர்கள். சாதாரண கிரீஸ் பெட்ரோலியம் எண்ணெயில் செய்தது. பின்னைச் சுற்றியிருக்கும் ரப்பர் அதில் ஊறி உப்பும். உப்பினால் பின் மறுபடியும் இறுகும். வேறு யாரோ முன்பு அதைப் போட்டதால்தான் இந்த நிலை வந்திருக்கவும் கூடும். சிலிகான் பிரேக் கிரீஸ் என்று கேட்டு வாங்குங்கள், சின்ன டியூபாகவே கிடைக்கும்.

துரு மேலாக இருந்தால் நைஸ் எமரி பேப்பரில் தேய்த்து வழுவழுப்பாக்கலாம். குழி விழுந்திருந்தால் பின்னையே மாற்றுங்கள். பின் போகும் துளையையும் துணி சுற்றிய குச்சியால் நன்றாகத் துடையுங்கள். கிரீஸை மெல்லிய படலமாகப் பூசினால் போதும். துளை நிறைய அடைத்தால் காற்று உள்ளே மாட்டிக்கொண்டு பின்னைத் திரும்ப வெளியே தள்ளும். இன்னொன்று, மேல் பின்னும் கீழ் பின்னும் பல வண்டிகளில் ஒன்றல்ல. ஒன்றின் நுனியில் ரப்பர் புஷ் இருக்கும். இடம் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

பிஸ்டன் எப்படிப் போகிறது? கையில் இறுக்கமாக இருக்கிறதா?

#12 கேரட்_லோடு

கிளாம்ப்பில் சுலபமாகப் போனது அண்ணா. பூட் கிழியவில்லை. டிஸ்க்கில் மெல்லிய கோடுகள் இருக்கின்றன, நகம் லேசாக மாட்டுகிறது. லேத்தில் கொடுத்துச் சீவ வேண்டுமா?

#13 லேத்_கோவை

நான் டிஸ்க், டிரம் சீவுகிறவன், அதனால் தைரியமாகவே சொல்கிறேன். தேவையில்லாமல் சீவாதீர்கள். டிஸ்க்கின் ஓரத்திலோ நடுக் கிண்ணத்திலோ குறைந்தபட்சத் தடிமன் எண் அடித்திருக்கும். முதலில் அதைத் தேடிப் படியுங்கள். மைக்ரோமீட்டரில் பல இடங்களில் அளந்தால் இடத்துக்கு இடம் வித்தியாசமும் தெரியும். மிதிக்கும்போது பெடலிலோ ஸ்டீயரிங்கிலோ அதிர்வு இருந்ததா? இல்லையென்றால் மெல்லிய கோடுகளோடு அப்படியே புதுப் பேட் போடலாம், சீக்கிரம் உட்கார்ந்துவிடும்.

அதிர்வு இருந்தால் உடனே டிஸ்க் வளைந்துவிட்டது என்று லேத்துக்கு எடுத்து வருகிறார்கள். கழற்றிப் பார்த்தால் ஹப் முகத்தில் துரு திட்டுத் திட்டாக இருக்கும். அந்தத் துருவின் மேல் டிஸ்க்கை வைத்தால் சுற்றும்போது ஆடத்தான் செய்யும். ஹப்பைக் கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் செய்தாலே பாதி டிஸ்க்குகளுக்கு லேத் வேலை மிச்சம். வீல் நட்டை ஒன்றை இறுக்கி ஒன்றைத் தளர விட்டாலும் இதே கோளாறு வரும். நட்டை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கடைசி இறுக்கம் வண்டி தரையில் இறங்கியதும், முடிந்தால் டார்க் ரெஞ்சில்.

சீவச் சீவ டிஸ்க் மெலியும், மெலிந்த டிஸ்க் சூட்டைத் தாங்காது. மலை வண்டிக்கு நான் சீவித் தர யோசிப்பேன். எண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் புது டிஸ்க் ஜோடியாகப் போடச் சொல்வேன். புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள், பிரேக் கிளீனரில் துடைக்காமல் மாட்டினால் புதுப் பேடும் வீணாகும்.

#14 மதுரை_டிராவல்ஸ்

கிளீனர் இல்லாவிட்டால் மண்ணெண்ணெயில் கழுவலாம் அல்லவா? எங்கள் பக்கம் அப்படித்தான் செய்கிறார்கள்.

#15 பட்டறை_பெரியண்ணன்

டிஸ்க்கிலும் பேடிலும் மண்ணெண்ணெய் படவே கூடாது சார். அது முழுதாக ஆவியாகாமல் பிசுக்கு விட்டுவிடும். பேட் அதைக் குடித்துவிட்டால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. கிளீனர் விலை ஒன்றும் பெரிதில்லை. காற்று அடித்துத் தூசி தட்டுவதையும் விட்டுவிடுங்கள். மலிவான, பழைய சரக்குப் பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அந்தத் தூசி நுரையீரலுக்குப் போனால் புற்றுநோய் வரை கொண்டுபோகும். ஈரத் துணியில் துடைத்து, துணியைக் கட்டிப் போடுங்கள், முகத்தில் மாஸ்க் இருக்கட்டும். என் பட்டறைப் பையன்களுக்கு இதில் நான் இடம் கொடுப்பதே இல்லை.

#16 அறிவியல்_ஆசிரியர் (சேலம்)

வண்டியில் நான் வல்லவன் இல்லை. ஆனால் இந்த இழையில் மலை வருவதால் ஒரு கணக்கைப் பகிர்கிறேன், மாணவர்களுக்கும் இதைச் சொல்வதுண்டு.

வண்டியும் லோடும் சேர்ந்து 3 டன் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்தினால் பிரேக் விழுங்கவேண்டிய ஆற்றல் சுமார் 4.2 லட்சம் ஜூல். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,500 மீட்டர். அந்த 3 டன் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளியாகும் ஆற்றல் சுமார் 4.4 கோடி ஜூல். அதாவது 60-லிருந்து 100 தடவைக்கு மேல் தொடர்ந்து நிறுத்துவதற்குச் சமம். காற்றும் டயரும் ஒரு பங்கைத் தின்னும். மீதியை இன்ஜின் வாங்குகிறதா, பேட் வாங்குகிறதா என்பது ஓட்டுநர் போடும் கியரைப் பொறுத்தது.

#17 நைட்_டிரைவர்

ஆசிரியர் சொன்னது கணக்கு, நாங்கள் அதைக் காலில் உணர்கிறோம். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் 36 வளைவும் அதை மதிக்காதவர்களைச் சும்மா விடாது. ஒரு விஷயம் புதியவர்களுக்கு. இறங்கும்போது பெடல் கல் மாதிரி இறுகியிருந்தும் வண்டி நிற்கவில்லையென்றால் பேட் சூடாகிப் பிடியை இழந்துவிட்டது. பெடல் தரைவரை மெத்தென்று போனால் பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி வந்துவிட்டது. இரண்டாவதற்குப் புதுப் பேட் மருந்தல்ல, புது ஆயில்தான்.

#18 பட்டறை_பெரியண்ணன்

சரியாகச் சொன்னீர்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 3 தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறியபின் 140 டிகிரி தாங்கினாலே தரத்தில் தேறிவிடும். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. மலை வண்டிக்கு டப்பா மூடியில் எழுதியிருக்கும் தரத்தைப் பார்த்து, 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். திறந்து பாதி வைத்த பழைய டின்னை ஊற்றாதீர்கள். டாட் 5 என்று இருப்பது சிலிகான், அதை மற்றவற்றோடு கலக்கவே கூடாது.

#19 கேரட்_லோடு

இரண்டு பக்கமும் முடித்தாயிற்று. பின்கள் இப்போது விரலால் தள்ளினாலே நகர்கின்றன. கிளிப்கள் பேடோடு புதிதாக வந்தன, பிராக்கெட்டில் இருந்த துருவைச் சுரண்டிவிட்டுப் போட்டேன். அதிர்வு முன்பு இருந்ததில்லை, அதனால் டிஸ்க்கைச் சீவவில்லை. எண்ணைப் படித்து அளந்தேன், நிறைய மிச்சம் இருக்கிறது. நாளைக்கே லோடு ஏற்றலாமா?

#20 பட்டறை_பெரியண்ணன்

வண்டியை நகர்த்தும் முன்னால் பெடலைப் பம்ப் பண்ணினீர்களா? பிஸ்டன் உள்ளே இருக்கிறது, முதல் சில மிதிக்கு பிரேக்கே பிடிக்காது. பெடல் கெட்டியாகும் வரை மிதித்து, ஆயில் மட்டத்தைப் பார்த்து, அப்புறம்தான் கியர். இதை மறந்து ஷெட் சுவரில் போய் நின்ற வண்டிகள் நிறைய.

நாளைக்கு லோடு வேண்டாம். புதுப் பேட் டிஸ்க்கோடு பழக வேண்டும். காலியாக, கியரிலேயே இறங்கி, மேட்டுப்பாளையம் தாண்டி நேரான ரோட்டில் போடுங்கள். 50, 60-லிருந்து 15 வரை நிதானமாக அழுத்தி வேகத்தைக் குறையுங்கள், முழுதாக நிறுத்தாதீர்கள். இடையில் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிட்டு மறுபடியும். எட்டு பத்து தடவை போதும். கடைசியில் பிரேக் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் பெடலை மிதித்தபடியே நிற்காதீர்கள், அந்த இடத்தில் பேட் சரக்கு ஒட்டிக்கொள்ளும்.

வீடு வந்ததும் நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடாதீர்கள். முன் இரண்டும் ஒரே சூடாக இருக்க வேண்டும்.

#21 கேரட்_லோடு

சொன்னபடியே ஓட்டிவிட்டு வந்தேன். பெடல் கெட்டியாக இருக்கிறது, சத்தம் இல்லை, வண்டி ஒரு பக்கம் இழுக்கவில்லை. முன் இரண்டு சக்கரமும் ஒரே சூடு. ஆனால் பின் சக்கரங்கள் இரண்டும் கிட்டத்தட்ட குளிர்ச்சியாக இருக்கின்றன. இது சரியா?

#22 வன்னி_ஹைலக்ஸ்

அண்ணை, காலி வாகனத்தில பின்னுக்கு வேலை குறைவுதான். ஆனால் ஒன்று கேட்கிறன். பின் ஸ்பிரிங்கில கூடுதல் பட்டை போட்டிருக்கிறீங்களா? ஹைலக்ஸில பின் அச்சுக்கு மேல ஒரு வால்வு இருக்கு. பாரம் ஏறி வாகனம் பதிய, அதின்ர கம்பி அசைஞ்சு பின் பிறேக்குக்குக் கூட அழுத்தம் விடும். பட்டை கூட்டி உயர்த்தினால் பாரம் ஏத்தினாலும் வாகனம் பதியாது. வால்வு காலி வாகனம் என்று நினைச்சுப் பின்னுக்கு அழுத்தத்தைக் குறைக்கும். முழுப் பாரமும் முன் பேடிலதான் விழும். இஞ்ச மணல் ஏத்திற வாகனங்களில இதை நிறையப் பார்க்கலாம், முன் பேட் கெதியா முடியுது என்று பேடைக் குறை சொல்லுவினம்.

#23 பட்டறை_பெரியண்ணன்

தம்பி சொன்னது தங்கமான விஷயம். உங்கள் வண்டியில் அந்த வால்வு இருக்கிறதா என்று அடியில் பாருங்கள். இருந்தால் கம்பி துருப்பிடித்து நிற்கிறதா, யாராவது கம்பி போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். பட்டை சேர்த்திருந்தால் கம்பியின் நீளத்தைப் புதிதாக செட் பண்ண வேண்டும், அதைப் பட்டறையில் கொடுத்துச் செய்யுங்கள். வால்வு இல்லாவிட்டாலும் பின் டிரம்முக்குள் உரசும் லைனர் தேய்ந்து இடைவெளி அதிகமாகியிருந்தால் இதே நிலைதான். ஹேண்ட் பிரேக் எத்தனை பல் ஏறுகிறது?

#24 கேரட்_லோடு

பட்டை சேர்த்துத்தான் இருக்கிறது, வண்டியை வாங்கும்போதே அப்படி. ஹேண்ட் பிரேக் ரொம்ப மேலே வந்துதான் பிடிக்கிறது. அப்படியானால் லோடு ஏற்றும் முன்னால் பின் டிரம்மையும் கழற்றிப் பார்த்துவிடுகிறேன். லைனர் படத்தை இங்கேயே போடுகிறேன் அண்ணா. கிளிநொச்சி நண்பருக்கும் நன்றி, அந்த வால்வைப் பற்றி இங்கே ஒருவரும் சொன்னதில்லை.

#25 பட்டறை_பெரியண்ணன்

நல்லது. இந்தத் தடவை கட்டை முன் சக்கரங்களுக்குப் போடுங்கள். ஹேண்ட் பிரேக்கை விட்டால்தான் டிரம் வரும், அதனால் வண்டியைப் பிடித்து நிறுத்தப்போவது கட்டைகள் மட்டும்தான். லைனரைத் தொடும் முன், அதை டிரம்மில் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பரை லேசாக நகர்த்தி, ஆயில் கசிவு இருக்கிறதா என்று பார்த்துப் படம் எடுங்கள்.